ஒப்புப் பார்க்கிற நேரம்

தட்டச்சு செய்த பத்திரத்தை மூலத்தோடு ஒப்புப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் படியின் மேல் பென்சில் முனையை நகர்த்திக்கொண்டே போவார். கமா வந்தால் கமா என்று சொல்ல வேண்டும். பெரிய எழுத்து வந்தால் கேப்பிடல். எண்களை மொத்தமாகச் சொல்லக் கூடாது, ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும். பத்தி முடிந்தால் பாரா. ஒருவரே இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆகாதா என்று கேட்கலாம். பார்க்கலாம், ஆனால் கண் ஏமாற்றிவிடும். இந்தக் காகிதத்திலிருந்து அந்தக் காகிதத்துக்குப் போவதற்குள், சற்று முன் படித்ததே அங்கேயும் இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் ஆங்கிலக் கடிதப் போக்குவரத்துக்கென்று சேர்ந்த முதல் வருடமே இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருந்த ஏலத்தோட்டங்கள் சிலவற்றை எங்கள் முதலாளி குத்தகைக்கு எடுத்து நடத்தினார். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஆங்கிலத்தில் ஓர் ஒப்பந்தம். குத்தகை புதுப்பிக்கும் சமயத்தில் தோட்டக்காரரின் வக்கீல் புதிய வரைவு ஒன்றை அனுப்புவார். பழைய ஒப்பந்தத்துக்கும் அதற்கும் எங்கெங்கே வித்தியாசம் என்று கண்டு சொல்வது என் வேலை. பிறகு திருத்தங்களைப் போட்டு, கார்பன் தாள் வைத்துப் புதிதாகத் தட்டச்சு செய்து, அந்தப் படியை மறுபடியும் வரைவோடு ஒப்புப் பார்க்க வேண்டும். தட்டச்சு செய்கிற எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒரு ஷரத்து எந்தச் சொற்களில் தொடங்குகிறதோ அதே சொற்களில் அடுத்ததும் தொடங்கினால், கண் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிடும். இப்படி ஒரு ஷரத்தே காணாமல் போயிருக்கும். போனது தெரியாதபடி மீதி வாசகம் நன்றாகவே பொருள் தரும். வேலி யார் கட்டுவது என்பது பத்திரத்திலிருந்து இப்படித்தான் ஒருமுறை மறைந்தது. அதைச் சரிசெய்ய முதலாளி இரண்டு தடவை மலையேறி இறங்கினார். இறங்கி வந்தவர், "இனிமே ரெண்டு பேராப் பாக்காம ஒரு காயிதமும் என் கைக்கு வரப்படாது" என்று சொல்லிவிட்டார்.

மண்டியில் ஏலம் கேட்கிற இரைச்சலில் ஒருவர் படித்து ஒருவர் கேட்பது நடக்காத காரியம். கணக்குப்பிள்ளைக்கு ஆங்கிலமும் தெரியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் எனக்குக் கல்யாணமாயிற்று. மனைவிக்குத் தேவாரம் சொந்த ஊர், எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். கல்யாண விருந்து முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்றே முதலாளி வழி சொல்லிவிட்டார்.

"வீட்டம்மா இங்கிலீசு படிப்பாகள்ல? காயிதத்த வீட்டுக்குக் கொண்டுபோயி பாத்துட்டு வந்துருப்பா. ஊரான் காதுல விழாம வேலையும் முடியும்."

எங்கள் வீடு தேனி அல்லிநகரத்தில் இருந்தது. அம்மா, நான், கல்யாணமாகாத தம்பிகள் இருவர். பிறகு எங்கள் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். முன்னறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலிகள். எங்கள் வீட்டில் மாமியார் எதிரில் மருமகள் நாற்காலியில் உட்காருவதில்லை. யாரும் அப்படி ஒரு விதி போட்டதாக எனக்கு நினைவில்லை. அம்மா அவளிடம் கடிந்து பேசுகிறவரும் அல்ல. ஆனால் அடுப்படி, குழாயடி, கொடி, மறுபடி அடுப்படி என்று போய்க்கொண்டிருந்த நாளில் உட்காருவதற்கு ஓர் இடைவெளி கிடையாது. அப்படியே உட்கார்ந்தாலும் அது தரையில், கையில் ஒரு வேலையோடுதான். ஒப்புப் பார்க்கிற வேலை மட்டும் இதற்கு விலக்கு. அது ஆபீஸ் வேலை. மேஜையில் விரித்துவைத்த காகிதத்தைத் தரையிலிருந்து படிக்க முடியாது.

போடியிலிருந்து நான் பஸ்ஸில் வந்து இறங்க மாலை ஆறு மணி ஆகும். முகம் கழுவி, காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். தம்பிகள் பஜாரில் கடையை அடைத்துவிட்டு எட்டு மணிக்குச் சாப்பிட வருவார்கள். ஆகவே அடுப்படியில் வேலை குவிகிற நேரமும் அதுதான். அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

"ஏத்தா, முடிஞ்சுச்சா?"

"இன்னும் ரெண்டு பக்கம் கெடக்கு அத்தே."

கடைசி இரண்டு பக்கங்களை அவள் மெதுவாகப் படிப்பாள். களைப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

படிக்கும்போது அவளுக்கு ஒரு தனிக் குரல் வரும். வீட்டில் வேறு எதற்கும் அந்தக் குரல் கிடையாது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் வாசிக்கிற மாதிரி, முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஆங்கிலச் சொற்களை முழுதாக உச்சரித்துப் படிப்பாள். நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்பாள்.

"ஏங்க, இந்த ஒண்ணாம் பார்ட்டி எல்லாத்தையும் தன் கையிலயே வச்சுக்கிருவாராம். ரெண்டாம் பார்ட்டிதான் களை எடுக்கணும், வேலி கட்டணும், மருந்தடிக்கணுமாம். இது தோட்டத்துப் பத்திரமா, நம்ம வீட்டுப் பத்திரமா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். உள்ளேயிருந்து அம்மா கேட்பார்.

"என்னத்தா சிரிப்பு? ஆபீசு காயிதத்துல சிரிக்கிறதுக்கு என்ன கெடக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தே. கமா போட மறந்துட்டாக."

அதிலிருந்து எங்களுக்குள் அம்மா ஒண்ணாம் பார்ட்டி, அவள் ரெண்டாம் பார்ட்டி. நான் யார் என்று கேட்டேன். "நீங்க சாட்சி. கையெழுத்துப் போட்டுட்டுப் போறவக" என்றாள். அன்றைக்கு அதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

இப்படிப் பதினாலு வருடம் போயிற்று. எண்பத்தேழு கடைசியில் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பம்பாய் வியாபாரிகளுக்கு அடிக்கடி ஒரே மாதிரிக் கடிதம் போட வேண்டியிருந்ததால், மதுரையிலிருந்து வந்த விற்பனைக்காரர் அவரை மடக்கிவிட்டார். ஏலக்காய் மூட்டை அடுக்கியிருந்த ஓர் அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, கண்ணாடிக் கதவு போட்டார்கள். திரைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. முதலாளி வாசலில் நின்று எல்லோரையும் எச்சரித்தார்.

"செருப்பக் கழட்டிட்டு உள்ள போங்கப்பா. தூசி பட்டா அதுக்குச் சளி பிடிச்சிருமாம்."

விற்பனைக்காரர் என்னை உட்காரவைத்து, கடிதமும் பத்திரமும் எழுதுகிற சொல் செயலியைச் சொல்லிக்கொடுத்தார். ஒருமுறை அடித்ததை மறுபடி அடிக்க வேண்டாம், திருத்த வேண்டிய இடத்தை மட்டும் திருத்தினால் போதும் என்பதை நம்புவதற்கே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அதைவிடப் பெரிய விஷயத்தை அவர் சாதாரணமாகக் காட்டினார். திரையை நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, நான் அடித்து ஏற்றியிருந்த பழைய ஒப்பந்தத்தை இடப்பக்கமும் புதியதை வலப்பக்கமும் நிறுத்தினார். கறுப்பில் பச்சை எழுத்து. வரிகள் பாதித் திரைக்குள் அடங்காமல் வெளியே ஓடின. ஓரத்தைக் குறுக்கிக்கொண்டால் அடங்கும் என்று அதையும் செய்து காட்டினார். பழையதையும் புதியதையும் ஒரே அகலத்தில் வைத்துப் பத்தி பத்தியாக இறக்கிக்கொண்டு வந்தால், எங்கே ஒரு வரி கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று படிக்காமலே தெரிந்தது. வலப்பக்கப் பத்தி ஒரு வரி முன்னதாக முடிந்தால் அங்கே ஏதோ போயிற்று என்று பொருள். என்னை அத்தனை வருடம் பயமுறுத்திய தவறு, இப்போது படிக்கட்டில் ஒரு படி இல்லாததுபோல் கண்ணுக்குப் பட்டது. அன்று நான் அடைந்த சந்தோஷம் பொய்யில்லை. இன்றும் அந்த இயந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் காப்பியை வாங்கிக்கொண்டு, அம்மாவும் இருக்கும்போதே சொன்னேன்.

"இனிமே காயிதமெல்லாம் வீட்டுக்குக் கொண்டார வேண்டியதில்ல. மெஷினே ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டிருது. ஓராளு போதும்."

"அப்பாடா" என்றார் அம்மா. "சாயங்காலம் அடுப்படியில ஒரு கை கூடும்."

மனைவி காப்பி டம்ளருக்காக நின்றுகொண்டிருந்தாள். "நல்ல மெஷினுதான்" என்று சொல்லி, டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு ஒரு சுமையைக் குறைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவளிடமிருந்து நன்றி போல ஏதாவது வரும் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அடுத்த சித்திரையில் தேவாரத்தில் அவள் வீட்டு விசேஷம் ஒன்றுக்குப் புறப்பட்டோம். தேனியிலிருந்து தேவாரத்துக்குப் போடி வழியாகப் போவதுதான் சுருக்கு. இன்னொரு பஸ் சின்னமனூர், உத்தமபாளையம், கோம்பை என்று பள்ளத்தாக்கையே சுற்றிக்கொண்டு போகும். நான் பஸ் நேரங்களையும், ஆற்றில் தண்ணீர் திறக்கிற நாளையும், முதல் மழை விழுகிற நாளையும் குறித்து வைக்கிற ஆள். எது எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். அவள் சுற்று பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"இது சுத்திக்கிட்டுப் போகும். மதியச் சாப்பாட்டுக்குத்தான் போயிச் சேரும். எறங்கு."

"சுத்துனா சுத்தட்டும்" என்றாள். "உக்காந்துக்கிட்டேதான போறோம்."

நான் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கால்களை முன்னால் நன்றாக நீட்டி, தலையைக் கம்பியில் சாய்த்திருந்தாள். உத்தமபாளையம் வருகிறவரை பேசவில்லை, தூங்கவும் இல்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசியாக இவள் உட்கார்ந்து நான் எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். இயந்திரம் வந்த பிறகு ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை. கடைசி இரண்டு பக்கங்களை அவள் ஏன் மெதுவாகப் படித்தாள் என்பது சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில்தான் எனக்கு விளங்கியது. அவளுக்கு ஒரு நாளில் இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதைத்தான் நான் காப்பி குடித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு விட்டேன்.

ஊரிலிருந்து திரும்பியதும் நான் செய்திருக்க வேண்டியது எளிது. அம்மாவிடம், "சாயங்காலம் அவ கொஞ்ச நேரம் உக்காரட்டும்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் அந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசல்வரை போனேன். அம்மா திரும்பி, "என்னலே, பசிக்குதா?" என்பார். "இல்லம்மா" என்று வந்துவிடுவேன். முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆன ஆள், பம்பாய்க்காரனுக்குக் காரமாகக் கடிதம் எழுதுகிறவன், அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். பெண்டாட்டிக்குப் பரிந்து பேசுகிறான் என்று தம்பிகள் காதில் விழுமே என்றிருந்தது. எனக்குப் பழக்கமான வழி, மேஜையில் ஒரு காகிதத்தை வைப்பதுதான். ஆகவே பொய் சொன்னேன்.

"மெஷினு ரிப்பேர்ம்மா. ஒப்புப் பாக்குற வேலைய மறுபடி வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்."

அதற்குக் காகிதம் வேண்டும். இயந்திரத்தில் அச்சிட்ட தாளைக் கொண்டுபோக முடியாது. அதன் ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். வீணான தாள்களை அலமாரியில் விரிக்கக் கொண்டுவந்திருந்ததால் அம்மாவுக்கு அந்த ஓட்டைக் காகிதம் நன்றாகத் தெரியும். எனவே மதியச் சாப்பாட்டு நேரத்தில், மூலையில் துணி போர்த்தியிருந்த பழைய தட்டச்சுப்பொறியைத் திறந்து, என்றோ முடிந்துபோன குத்தகை ஒப்பந்தங்களை மறுபடி அடித்தேன். கணக்குப்பிள்ளை என்னை வினோதமாகப் பார்த்தார். விரல் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று சொல்லிவைத்தேன்.

முதல் நாள் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மூலத்தை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள். மூன்றாவது ஷரத்தில், தோட்டத்துக்கு வடக்கே ஓடை, கிழக்கே ஒற்றைப் பலாமரம் என்ற எல்லைக் குறிப்பு வந்தது. அவள் நின்றாள். அந்தப் பலாமரத்தை வைத்து அவள் சில வருடங்களுக்கு முன்பே ஒரு கேலி செய்திருந்தாள். மரம் பட்டுப்போனால் கிழக்கு எங்கே போகும் என்று கேட்டிருந்தாள். நான் தலையைத் தூக்காமல் பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கிறாள் என்பது தெரிந்தது.

"கமா" என்று சொல்லிவிட்டு, அதே குரலில் மேலே படித்தாள்.

அதன்பிறகு ஒரு மாதத்துக்கும் மேல், தீர்ந்துபோன பத்திரங்களை இருவரும் அக்கறையாக ஒப்புப் பார்த்தோம். தவறு இருந்தால் நான் உண்மையாகவே திருத்தினேன். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அம்மா தினமும் கேட்பார்.

"எத்தன நாளைக்குலே ஒரு மெஷினு ரிப்பேராக் கெடக்கும்? டாக்டரு வல்லையா?"

"மதுரையில சாமான் கெடைக்கலையாம்மா."

அம்மா என்னிடம் கேட்டதோடு நிற்கவில்லை. குழாயடியில் அடுத்த தெருப் பெண்ணிடம், அம்புட்டுத் துட்டுக் குடுத்து வாங்குன மெஷினு படுத்துருச்சாம், எம் மகன் தெனமும் காயிதத்தத் தூக்கிக்கிட்டு அலையிறான் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் கணவர் போடியில் வேறொரு மண்டியில் எடை போடுகிறவர். அந்த மண்டியின் முதலாளி இதே போன்ற இயந்திரத்துக்கு அதே மதுரைக்காரரிடம் சொல்லிவைத்திருந்தார். செய்தி கேட்டதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விற்பனைக்காரர் பதறிப்போய், கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் மண்டிக்கு வந்து நின்றார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, இங்கன வா. மெஷினுக்கு என்னப்பா?"

"ஒண்ணும் இல்லையே மொதலாளி. நல்லாத்தான ஓடுது."

"நல்லா ஓடுற மெஷினுக்கா இவரு மதுரையிலருந்து பையத் தூக்கிக்கிட்டு ஓடியாந்திருக்காரு? ஒரு மாசமாப் படுத்த படுக்கையாக் கெடக்காமுல்ல. எழவு கேக்க ஆளு வராததுதான் பாக்கி. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் சொல்லல பாரு."

விற்பனைக்காரர் சிரிக்கவில்லை. "சார், யாரு சொன்னதுன்னு தெரிஞ்சா எனக்கு உதவியா இருக்கும். ஒரு ஆர்டர் போச்சு" என்றார்.

"நான்தான் வீட்டுல ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றேன்.

"வீட்டுல மெஷினப் பத்தி என்னப்பா பேச்சு?" என்றார் முதலாளி. "பொம்பளைகளுக்கும் மெஷினுக்கும் என்ன?"

என்ன சொல்வது? என் மனைவி ஒரு மணி நேரம் உட்காருவதற்காக உங்கள் இயந்திரத்தைப் படுக்கவைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புது இயந்திரம் எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் தூற்றுகிறேன் என்று முதலாளி முடிவு செய்துகொண்டார். அதை நான் மறுக்கவும் இல்லை. அவர் என்னையும் விற்பனைக்காரரையும் அழைத்துக்கொண்டு அந்த மண்டிக்கே போனார். எல்லோர் முன்னாலும், மெஷின் ஒரு நாள்கூட நிற்கவில்லை என்று என்னைச் சொல்லவைத்தார். எடை போடுகிறவர் தராசுக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு முந்தின பஸ்ஸில் அவர் ஊர் வந்து, செய்தியும் வீட்டுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. நான் வீட்டுக்குள் நுழையும்போது அம்மா முன்னறையில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கேட்கவில்லை. அடுப்படி வாசலில் நின்ற மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"மெஷினு ஒரு நாளும் நிக்கலையாமுல்ல. அப்ப நீ தெனமும் என்னத்தப் படிச்சத்தா? மாமியாளுக்குக் கூடமாட நிக்க வலிக்குதுன்னா வாயத் தொறந்து சொல்லணும். எம் மகன விட்டுப் பொய் சொல்ல வச்சுட்டியே."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு சொல் போதும்: 'நான்தான்.' நான் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பொத்தானிலிருந்து அடுத்த பொத்தானுக்கு அத்தனை கவனமாகப் போனேன். அவள் கொஞ்சம் காத்திருந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கொல்லைப்பக்கம் பாத்திரம் எடுக்க வந்தவளிடம் போய், "நான் அம்மாகிட்டச் சொல்லிர்றேன்" என்றேன்.

"இப்பச் சொல்லி? அங்கன நிக்கிறப்பச் சொல்லணும்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நான் கேட்டேனா உங்ககிட்ட, பொய் சொல்லுங்கன்னு? பொய் சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு, அவ உக்காரட்டும்னு சொல்லத் தெரியலையே."

அப்போதுதான் அம்மாவிடம் போனேன். அம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு அம்மி மேடை மேல் இருந்தது, நின்றுதான் அரைக்க வேண்டும். பொய் சொல்லும்படி அவள் கேட்கவில்லை, எல்லாம் என் வேலைதான், அவள் கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று செய்தேன் என்று ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன்.

அம்மாவின் கை நின்றது. அவர் முகத்தில் இருந்தது ஆச்சரியம்.

"உக்கார்றதுக்கா? உக்கார்றதுக்குத்தானாலே இம்புட்டும்?"

"ஆமாம்மா."

"நான் உக்காந்தேனாலே?" அவர் குரல் உயரவில்லை. "உங்களப் பெத்துப் போட்டு மூணாம் நாளு இந்த அம்மிக்கு வந்தேன். எனக்கு எந்த மெஷினுலே ரிப்பேராச்சு? உங்கய்யா எனக்காக ஒரு பொய் சொன்னாகளா? நீதான் சொல்லியிருக்கியா?"

குழவியை மறுபடி உருட்டத் தொடங்கினார். நான் அங்கேயே நின்றேன். அந்தப் பக்கம் மனைவி உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். இருவரும் எனக்கு முதுகைக் காட்டியபடி, ஒரே மாதிரி இடது காலில் பாரத்தைப் போட்டு நின்றார்கள். வித்தியாசம் கண்டுபிடிக்கிறதுதான் என் தொழில். இவர்கள் இருவரையும் அதுவரை நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அம்மாவைப் பற்றிப் பஸ்ஸில்கூட எனக்கு ஒரு நினைப்பு வரவில்லை.

மறுநாள் மாலை, முகம் கழுவியதும் நேராக அடுப்படிக்குப் போய், சின்ன வெங்காயம் இருந்த சொளகை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"இங்கன என்னலே உனக்கு?" என்றார் அம்மா.

"உரிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போயி உக்காருங்க."

இருவரும் போகவில்லை. நான் உரிக்கிற லட்சணத்தைப் பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். "தோலோட பாதி வெங்காயம் போகுது" என்றார் அம்மா. "பத்திரத்துல ஒரு கமா போனா மட்டும் தெரியும்" என்றாள் மனைவி. அம்மாவுக்கு அந்தக் கேலி விளங்கியிருக்காது, ஆனாலும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து காலை நீட்டினார். மனைவி வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தாள்.

"உக்காருத்தா" என்றார் அம்மா. "உன்னைய யாரு புடிச்சு வச்சிருக்கா."

அவள் உட்கார்ந்தாள். நாற்காலியில் அல்ல, அங்கேயே தரையில், அம்மாவுக்குச் சற்றுத் தள்ளி. கையில் ஒரு வேலையும் இல்லாமல் எப்படி இருப்பது என்று தெரியாதவள் போல விரல்களைக் கோத்துக்கொண்டாள். சில வாரங்கள் அப்படிப் போயின. நான் கண்ணைத் துடைக்க நிறுத்தினால் "பாரா" என்பாள். அம்மாவுக்கு அதற்குள் பொருள் தெரிந்துவிட்டது. அவரும் சொல்லத் தொடங்கினார்.

ஏலக்காய் அறுவடை தொடங்கியதும் மண்டியில் வேலை ஏறியது. இயந்திரத்தால் கடிதங்கள் சீக்கிரம் போயின. சீக்கிரம் போனதால் அதிகம் வந்தன. முதலாளி மேலும் இரண்டு தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்தார். பழையதையும் புதியதையும் திரையில் நிறுத்திவைத்துக்கொண்டு ஏழு மணிக்கும் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் தாமதமாகப் போனபோது, "நாளைக்கு உரிக்கிறேன்" என்றேன். மறுநாளும் சொன்னேன். அதற்குப் பிறகு சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

ஒருநாள் எட்டு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்தேன். தம்பிகள் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். அம்மா ஏனங்களைக் கழுவ எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி எனக்காகத் தோசைக்கல்லை மறுபடி அடுப்பில் போட்டாள்.

"கை கழுவிட்டு உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். நல்ல பசி. அவள் நின்றபடி ஊற்றிக்கொண்டே இருந்தாள், நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.